சைக்கிளை விட்டு இறங்கியவர்கள்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் நான் வழக்கமாகக் காய் வாங்கும் தம்பிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஜொகூர்க்காரர். போன மாதம் முருங்கைக்காயை நறுக்கிக் கட்டிக்கொண்டே, "அக்கா, ரிட்டையர் ஆயிட்டீங்களாமே, என்ன பாடம் எடுத்தீங்க?" என்று கேட்டார். வரலாறு என்றேன். "எந்த ராஜா?" என்றார். ராஜா யாரும் இல்லை தம்பி, வயலிலும் தோட்டத்திலும் கூலி வேலை பார்த்தவர்களைப் பற்றித்தான் முப்பத்தோரு வருடம் படித்தேன் என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தார். "அவங்களுக்கு என்னக்கா வரலாறு? எங்க தாத்தாவும் கூலாய் பக்கம் ரப்பர் தோட்டத்துல பால் வெட்டினவருதான். விடியக்காலையில எந்திரிச்சாரு, மரத்தை வெட்டினாரு, சாயங்காலம் கள்ளு குடிச்சாரு, ஒரு நாள் செத்துப்போனாரு. அவ்வளவுதான்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னார். எனக்குப் பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள், காசைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். ரயில் மாறி ஈசூன் வந்து சேரும்வரை வேறு எதையும் நினைக்க முடியவில்லை. அவருக்கு அங்கேயே சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது 1959ல், செம்பவாங் கடற்படைத் தளத்துத் தொழிலாளர் குடியிருப்பில். அப்பா தளத்தில் பெயிண்ட் அடிக்கும் வேலை பார்த்தார். அவர் பிறந்தது மலாயாவில், கிள்ளானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அப்பாவைப் பெற்ற அப்பாயி மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு சேரியில் பிறந்து, 1927ல் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணியோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். அந்த ஊரின் பெயரை எங்கேயும் எழுத வேண்டாம் என்று அப்பா கேட்டுக்கொண்டார். அதனால் இன்றுவரை எழுதியதில்லை.

1984ல் மேற்படிப்புக்குத் தலைப்பு கொடுக்கப் போனபோது, பொறுப்பில் இருந்த பேராசிரியர் என் தாளைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஆவணம் எதையும் விட்டுப்போக மாட்டார்கள், வர்த்தகச் சங்கங்களைப் பற்றிச் செய், அவர்களிடம் கூட்டக் குறிப்புகளாவது இருக்கும் என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாயி அப்போது எங்களோடுதான் இருந்தார். அவர் பாயில் படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே, 'இவருக்கு ஆவணம் இல்லையா' என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பேராசிரியர் சொன்னது தவறு. ஆவணம் மலைபோல இருந்தது. வரலாற்றாசிரியர் ரணஜித் குகாவும் அவரோடு சேர்ந்தவர்களும் அடித்தட்டு மக்களின் வரலாற்றை எழுதத் தொடங்கி, 1982ல் முதல் தொகுதியைக் கொண்டுவந்திருந்தார்கள். இங்கே சிங்கப்பூரின் ரிக்‌ஷாக்காரர்களைப் பற்றி ஜேம்ஸ் வாரன் 1986ல் ஒரு முழுப் புத்தகமே வெளியிட்டார். பெரும்பாலும் மரண விசாரணைப் பதிவுகளை வைத்து எழுதியது அது. ஒருவர் செத்த பிறகு அவர் அறையில் என்ன இருந்தது, யாரிடம் கடன் வாங்கியிருந்தார், கடைசியாக யாரோடு சாப்பிட்டார் என்று அதிகாரி எழுதி வைத்த தாள்கள். அதைப் படித்தபோதுதான் எனக்கு வழி புரிந்தது. ஏழைகள் சாகும்போது, ஓடிப்போகும்போது, கடன்படும்போது, வேலை செய்ய மறுக்கும்போது அரசாங்கம் அவர்களைப் பார்க்கிறது. பார்த்தால் எழுதுகிறது. மற்ற நாட்களில் அவர்கள் வெறும் எண்ணிக்கை.

முதல் ஐந்து வருடம் நானும் எண்ணிக்கையைத்தான் படித்தேன். மலாயாவில் இருந்த இந்திய அரசாங்க ஏஜெண்டின் ஆண்டறிக்கைகள், தொழிலாளர் துறை அறிக்கைகள், தமிழ் முரசு நாளிதழின் பழைய பக்கங்கள். 1920களின் கடைசியில் நல்ல தோட்டங்களில் ஒரு நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை சரிந்ததும் அந்தக் கூலியும் சரிந்தது, லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1936 கடைசியில் இந்திய அரசாங்கம் அனுப்பிய சீனிவாச சாஸ்திரி வந்து தோட்டம் தோட்டமாகப் பார்த்துவிட்டுப் பழைய 50, 40ஐத் திரும்பக் கொடுக்கச் சொன்னார். 1938ல் கங்காணி ஆள் பிடிப்பதை இந்திய அரசாங்கம் நிறுத்தியது. இவற்றையெல்லாம் அரிசி விலையோடு சேர்த்து வரைபடமாகப் போட்டு வைத்திருந்தேன். நல்ல வரைபடம், இன்றைக்கும் அதில் பிழை இல்லை. அப்பாவிடம் காட்டியபோது, "ஆமா, அம்பது காசு" என்றார். அதற்கு மேல் அவருக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை.

நடுவில், 1986ல், சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஆறு மாதம் உட்கார்ந்தேன். காலையில் சீட்டு எழுதிக் கொடுத்தால் மதியத்துக்கு மேல் கட்டு வரும். சிவப்பு நாடாவை அவிழ்க்கும்போதே விரலில் தூள் ஒட்டும். நிலவரிப் பதிவேடுகளில் பட்டாதாரருக்குத்தான் வரி உண்டு, எனவே பட்டாதாரருக்குத்தான் பெயர் உண்டு. பண்ணையாளுக்கு ஒரு வரியும் இல்லை. அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று 1843லேயே கம்பெனி அரசாங்கம் எழுதிவிட்டது. ஆனால் 1916ல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற பொருளாதாரப் பேராசிரியர் மாணவர்களை வைத்துக் கிராமங்களைக் கணக்கெடுத்தபோது, தென்னார்க்காடு இருவேல்பட்டில் படியாட்கள் என்ற பண்ணையாட்கள் கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தார்கள். சட்டம் வந்து எழுபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

தாது வருஷப் பஞ்சத்துக் கட்டுகளைப் படித்த வாரத்தில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. 1877ல், பஞ்சத்தைப் பார்வையிட அரசாங்கம் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலையாளின் கூலியைக் குறைத்தார். ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் ஒரு பவுண்டு தானியம், கூடவே சில்லறையாகக் கொஞ்சம் காசு. சுமார் 450 கிராம். சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் இது உயிரைக் காக்கப் போதாது என்று எதிர்த்து எழுதினார். இரண்டு அதிகாரிகளும் அழகான ஆங்கிலத்தில் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தானியத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பெண், அதைக் குழந்தைக்கு முதலில் கொடுத்தாளா, அடுத்த நாள் வேலைக்குப் போக வேண்டிய புருஷனுக்கு முதலில் கொடுத்தாளா என்று அந்தக் கட்டு முழுக்கத் தேடினேன். இல்லை.

அங்கே நான் கற்றுக்கொண்ட முக்கியமான ஒரு பழக்கம், புகாரைத் திருப்பிப் போட்டுப் படிப்பது. தஞ்சாவூர் மிராசுதார்கள், ஆட்கள் பினாங்குக்கும் கொழும்புக்கும் போய்விடுகிறார்கள், நடவுக்கு ஆள் இல்லை, கப்பலைத் தடுக்க வேண்டும் என்று அரசாங்கத்துக்கு முறையிட்டார்கள். மிராசுதார் கோபத்தில் எழுதுவதை நான் வேறு விதமாகப் படித்தேன். பண்ணையாள் ஒருவன் தன் கடனையும் களத்தையும் விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல், நாகப்பட்டினத்துக்கு நடந்திருக்கிறான். அவன் கையெழுத்து எங்கேயும் இல்லை. ஆனால் அவன் எடுத்த முடிவு அந்த முறையீட்டில் இருக்கிறது. தோட்டத்தில் காய்ச்சல் என்று அவனுக்குத் தெரியும், போனவர் பாதிப் பேர் திரும்பவில்லை என்று ஊரே பேசியிருக்கும். இருந்தும் போனான். கங்காணி ஏமாற்றிக் கூட்டிப்போனான் என்று மட்டும் எழுதுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஏமாற்றியது உண்மை. ஆனால் எங்கள் அப்பாயி ஏமாந்து கப்பல் ஏறியவர் என்று யாராவது அவர் முன்னால் சொல்லியிருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

அப்பாயி ஊரைப் பற்றிப் பேசவே மாட்டார். எழும்பூரிலிருந்து திரும்பி வந்ததும், களத்துக் கூலியைக் கிலோவாக மாற்றி ஓர் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால், ஒரு மரக்காலுக்கு இத்தனை படி என்று. சந்தேகம் வந்து அவரிடம் கேட்டேன், "அப்பாயி, மரக்கால்னா எவ்வளவு?" அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "எந்த மரக்கால்?" என்றார். எனக்குப் புரியவில்லை. "பண்ணையில ரெண்டு இருக்கும்டி. அளந்து வாங்க ஒண்ணு, அளந்து போட ஒண்ணு. வாங்கயில குமிச்சு அளப்பான், போடயில தலைதட்டி அளப்பான். பார்த்துக்கிட்டே நிக்கணும். வாயத் திறந்தா அதுவும் கெடையாது."

அன்று இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி விடிகாலை மூன்று மணிவரை பேசினார். அறுபது வருடம் பேசாதவர். நான் பேனாவை எடுக்கவே பயந்தேன், நிறுத்திவிடுவாரோ என்று.

சரி, சைக்கிளுக்கு வருகிறேன்.

1941 மார்ச்சிலிருந்து மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அதற்குத் தலைமையாக இருந்தார். மே மாதம் அவரைக் கைது செய்து, பிறகு இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். பட்டாளம் வந்தது, சூடு நடந்தது, தொழிலாளர்கள் சிலர் செத்தார்கள். இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். 1989ல் ஒரு நாள், மைக்ரோபிலிமில் அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலை முழுதாகப் படித்தேன். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியே எங்களுக்கும் வேண்டும். தொழிலாளரிடம் மோசமாக நடந்துகொள்ளும் ஊழியர்களை மாற்ற வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். சரியான வைத்தியம் வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை இருக்கக்கூடாது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. தோட்டத்து மேலாளரான துரையோ கணக்கெழுதும் கிராணியோ எதிரில் வரும்போது சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும்.

இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஐந்து வருடமாக அதே மனிதர்களின் கூலியைக் காசு காசாக எண்ணியிருக்கிறேன். சைக்கிள் என்ற சொல் என் குறிப்புகளில் ஓர் இடத்தில்கூட இல்லை.

பட்டியலைத் தாளில் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா கோப்பியோடு உட்கார்ந்திருந்தார். கடற்படைத் தளத்து வேலை 1971ல் போன பிறகு காவலாளி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார், அன்று அவருக்கு ஓய்வு நாள். ஒவ்வொரு கோரிக்கையாகத் தமிழில் சொன்னேன். கூலிக்குத் தலையாட்டினார். கள்ளுக்கடைக்குத் தலையாட்டினார். சைக்கிளைச் சொன்னதும், "திரும்பச் சொல்லு" என்றார். சொன்னேன்.

எழுந்தார். நாற்காலியைக் காலால் ஒதுக்கினார். இரண்டு கையையும் நீட்டி, இல்லாத ஒரு சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தார். இடது கால் கீழே வந்தது, வலது கால் பின்னால் சுற்றி வந்தது. இடது கையால் சைக்கிளைப் பிடித்தபடி, வலது கையால் தலைத்துண்டை உருவினார், அக்குளில் இடுக்கினார், தலையைக் குனிந்தார். ஐம்பத்தெட்டு வயது அப்பா எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் அப்படியே நின்றார். நான் "போதும்பா" என்றேன். அவர் நிமிரவில்லை. "கார் போனாப் போதாது. தூசி அடங்குற வரைக்கும் நிக்கணும்" என்றார்.

பிறகு உட்கார்ந்து சொன்னார். தாத்தா பழைய சைக்கிள் ஒன்றை வாங்கியிருக்கிறார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக அது தேவையில்லை. கிள்ளான் பசாருக்குப் போகவும், பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்த தங்கையைப் பார்க்கவும் வாங்கினாராம். ஒரு நாள் அப்பாவை முன்கம்பியில் உட்காரவைத்துக்கொண்டு போகும்போது துரையின் கார் வந்திருக்கிறது. தாத்தா இறங்கி, அப்பாவையும் இறக்கி, துண்டை எடுக்கச் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு எட்டு ஒன்பது வயது. துண்டு எதுவும் அவரிடம் இல்லை. "என்ன பண்றதுன்னு தெரியல. தலைய மட்டும் குனிஞ்சேன். ஏன்பான்னு கேட்டேன். வீடு வர்ற வரைக்கும் அவரு பேசவே இல்ல."

வேலைநிறுத்தத்தின்போது தாத்தா என்ன செய்தார் என்று கேட்டேன். கூட்டத்துக்குப் போனார் என்றார். எந்தக் கூட்டம், யார் பேசினார்கள் என்று அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் ஒரு நாள், கிராணி எதிரே வந்தபோது தாத்தா இறங்காமல் ஓட்டிப்போனதைப் பார்த்திருக்கிறார். "வேகமாக் கூடப் போகல. மெதுவாத்தான் போனாரு."

அந்தச் சைக்கிளை ஜப்பானியர் எடுத்துப்போனார்கள். தாத்தாவை 1943ல் கூட்டிப்போனார்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடும் வேலைக்கு. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர் அங்கே செத்தார்கள். 1998ல் அந்தப் பாதை போன தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போனேன். போர்க்கைதிகளாக இருந்து இறந்த சிப்பாய்கள் ஏறத்தாழ 7,000 பேர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள், சீராக வெட்டிய புல், கல்லில் பெயரும் படைப்பிரிவும் வயதும். வரிசை வரிசையாக நடந்தேன். இத்தனை சின்னப் பையன்களா என்று மனம் கனத்தது. தாத்தா பெயர் அங்கே இருக்காது என்று தெரிந்தேதான் போனேன். இருந்தாலும் கடைசி வரிசைவரை படித்தேன்.

சைக்கிள் கோரிக்கையைப் படித்த பிறகு ஆய்வேட்டை முடிக்க இன்னும் ஒன்றரை வருடம் ஆனது. புதிதாக ஓர் இயல் சேர்த்தேன். அதைவிட, மனிதர்களைப் பேட்டி எடுக்கும் முறையை முழுக்க மாற்றிக்கொண்டேன். கூலி எவ்வளவு என்று கேட்டு ஆரம்பிப்பதை விட்டேன். "யாரு முன்னாடி உக்காரக் கூடாது?" என்று கேட்டேன். சிலாங்கூரில், ஜொகூரில், இங்கே மண்டாயில், நீ சூனில், பிறகு மன்னார்குடிப் பக்கத்துச் சேரிகளில் என்று எங்கே இந்தக் கேள்வியைக் கேட்டாலும் உடனே பதில் வந்தது. பாட்டிகள் எழுந்து நடித்துக் காட்டினார்கள். செருப்பை எந்த முனையில் கழற்ற வேண்டும், துண்டை எந்த வேப்பமரத்தடியில் இடுப்புக்கு இறக்க வேண்டும், கிராணி வீட்டு வாசலில் எத்தனையாவது படியில் நிற்க வேண்டும் என்று எல்லாம் அளவோடு வைத்திருந்தார்கள். கூலியை மறந்தவர்கள்கூட அந்த வேப்பமரத்தை மறக்கவில்லை.

கீழ்வெண்மணிக்கும் போனேன். கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், 1968 டிசம்பர் 25 அன்று இரவு ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்ட ஊர். அங்கே நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ரெக்கார்டரைப் பையிலிருந்து எடுக்கவும் இல்லை.

அப்பா 2004ல் போய்விட்டார். அவர் கூடத்தில் நின்று காட்டியதை நான் எந்தக் கட்டுரையிலும் எழுதியதில்லை. அது என் வீட்டு விஷயம் என்று நினைத்திருந்தேன். சந்தையில் அந்தத் தம்பி "அவ்வளவுதான்" என்று சொன்ன பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

நேற்று மறுபடி சந்தைக்குப் போனேன். கூட்டம் குறையும்வரை காத்திருந்து அவரிடம் சைக்கிள் கதையைச் சொன்னேன். கள்ளுக்கடையை மூடச்சொல்லிக் கேட்டவர்களும் தோட்டத்து ஆட்கள்தான் என்பதையும் சொன்னேன். கீரைக்கட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்க தாத்தா பால் வெட்டுற உளி ஒண்ணு அம்மாகிட்ட இருக்குக்கா. மைலோ டின்னுல போட்டு வச்சிருக்காங்க. யாரையும் தொட விட மாட்டாங்க, ஏன்னு கேட்டதில்ல" என்றார்.

அம்மாவுக்கு எண்பத்தாறு வயதாம். உட்லண்ட்ஸில் இவரோடுதான் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், ஆனால் நினைவு நன்றாக இருக்கிறதாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். ரெக்கார்டரைச் சார்ஜில் போட்டிருக்கிறேன். அம்மாவுக்குப் பிடிக்கும் என்று ரவா உருண்டை செய்து எடுத்துவரச் சொன்னார், முந்திரி வேண்டாமாம், பல் இல்லை.